அரைப் படி

அல்மேரியா துறைமுகத்தில் வண்டி நிறுத்துமிடம்,
இரண்டாம் வாசல் கூண்டு என்னுடையது,
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை.
அகலம் என் இரு முழங்கைகள்.
கிடார் கொண்டுவந்த முதல் நாளே
அதன் கழுத்து கண்ணாடியில் இடித்து
ஒரு வடு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டது.

இந்த யுகுலேலே காசில்டா மகளுக்கு வாங்கியது.
வகுப்பில் எல்லோரிடமும் மஞ்சள் இருக்க
தனக்கு மட்டும் பச்சையா என்று
அவள் தொடவே மாட்டேன் என்றுவிட்டாளாம்.
பகல் ஷிப்ட் முடிந்து போகையில் காசில்டா அதைச்
சில்லறைத் தட்டுக்குப் பக்கத்தில் விட்டுப்போனாள்.
கூண்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை.

நான்கே தந்தி.
அடியில் நின்று முழங்க வேண்டியது
மேலே ஏறிக்கொண்டு கீச்சிடுகிறது.
தரை போடாத வீடு.
எங்கள் ஊர்ப் பாட்டுக்கோ
குதிகாலால் மிதிக்கத் தரைதான் முதலில் வேண்டும்.
"கொசுவுக்குத் துக்கம் வந்த மாதிரி இருக்கிறது,"
என்றார் பெருக்க வந்த ஹெர்மினியோ,
துடைப்பத்தின் மேல் தாடையை ஊன்றி, ஆனால் போகாமல்.

இங்கே கிடார்க்காரர்கள் சுரத்தின் பெயர் சொல்லமாட்டார்கள்.
'மேலே' என்பார்கள், 'நடுவில்' என்பார்கள்,
கை எங்கே நிற்கிறதோ அதுவே பெயர்.
இந்தச் சாணளவுக் கட்டையில்
எது மேல், எது நடு?

மார்ச்சில் ஓர் இரவு, கப்பல் வராத புயலில், அகப்பட்டது.
இரண்டு விரலை மேலிரண்டு தந்தியில் ஊன்றினேன்: லா.
அதே விரல்கள், அதே வடிவம்,
ஒரு கட்டம் நகர்த்தினால் சி பெமோல்.
கீழிரண்டு தந்தியைத் தொடவில்லை.
அவை பழைய பேச்சையே பேசிக்கொண்டிருக்க
பாகம் பிரித்த பிறகு ஒரே மேசையில் சாப்பிடும்
அண்ணன் தம்பிபோல்
ஓர் உரசல்.
அந்த உரசலில் இருந்தது எங்கள் ஊர்.
ஐந்தாம் கட்டம் போனேன், ஏழாம் கட்டம் போனேன்,
இரண்டு விரல் நடக்க, இரண்டு தந்தி நிற்க.
திரும்புகையில் ரே, தோ, சி பெமோல்,
கடைசியில் மட்டும் அரைப் படி.
முழுப் படி இறங்கினால்
வேறு யார் வீட்டுக்கோ போய்விடுவோம்.

ஒற்றைத் தந்தியில் சுரம் பிடித்தால் ஒரு பள்ளம் வரும்.
முதல் கட்டத்திலிருந்து நான்காவதுக்குத்
தாவ வேண்டும் சுண்டுவிரல்.
கிடாரில் அங்கே பாதி நாள் விழுந்திருக்கிறேன்.
இதில் அது வாய்க்கால்தான்.

ஆகஸ்டில், அதிகாலை மூன்று மணிக்கு,
நாதோர் கப்பல் வண்டிகளைக் கக்கியது.
கூரை மேல் கம்பளம், சைக்கிள், ஒரு குளிர்சாதனப் பெட்டி.
முதல் வண்டிக்கே தடைக்கம்பம் பாதியில் நின்றுவிட்டது.
பழுது பார்ப்பவர் வர இருபது நிமிடம் என்றார்கள்.
ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்தி அதைச் சொன்னேன்,
விட மறந்தேன்.

மூன்றாவதாக நின்ற சாம்பல் வேன்காரர்
ஹார்னில் கையை வைத்தார். எடுக்கவில்லை.
கரகரப்பைக் கழித்துவிட்டால்
சந்தேகமே இல்லை, சி பெமோல்.
கடைசிப் படிக்கு மேல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு
வாசலே நின்றது.
எவ்வளவு நேரம் தாங்கும் ஒரு மனுஷப் பிறவி?
என் கை தானாகப் பச்சையை எடுத்தது.
லா.

வெளியே ஒலிபெருக்கி அதை
அறுபது வண்டிக்கும் பரிமாறியது.
ஹார்ன் நின்றது.
யோசித்தது.
மறுபடி, இந்த முறை சின்னதாக, சி பெமோல்.
லா, என்றேன்.
முதல் வண்டியின் பின் இருக்கையில்
தூக்கம் கலைந்த குழந்தை ஒன்று
தாளமில்லாமல் கை தட்டியது.
யாரோ கதவைச் சாத்தினார்கள்.
அது சரியான இடத்தில் விழுந்தது.

பழுது பார்ப்பவர் வந்தும் கம்பம் முழுக்க எழவில்லை.
இறங்கி நின்ற நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்க
வண்டிகள் அடியில் குனிந்தாற்போல் போயின.

சாம்பல் வேன் கண்ணாடியை இறக்கியது.
அட்டையில் அப்தெல்ஹக் என்றிருந்தது.
நாலு யூரோ இருபது காசைச் சரியாக எண்ணி வைத்தார்.
"உங்கள் கடைசித் தந்தி இறங்கியிருக்கிறது," என்றார்.

இறங்கித்தான் இருந்தது.
ஒரு நூல் முறுக்கினேன்.